எங்கே பிறந்தவள் என்று கேட்டனர்!

1950-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள். வாஷிங்டன் நகரிலே, அமெரிக்கச் செனட் சபையின் படைத்துறைக் குழு கூடியிருக்கிறது. குழுவின் முன்னே அமர்ந்திருக்கிறார் ஒரு மாது. ஐம்பதை எட்டிய பருவம். அவரைச் சுட்டிக்காட்டி, இவரேதான், ஐயமே இல்லை என்று ஆணையிட்டுச் சொல்கிறான் ஒருவன்.

எவரேதான்? 1930-களில் நியூயார்க்கிலே ஜான் ரீட் கழகம் என்று ஒன்று இருந்தது. பொதுவுடைமைச் சார்புடைய எழுத்தாளர்களும் கலைஞர்களும் கூடிய கழகம். அதிலே உறுப்பினராக இருந்த அன்னா ரோசன்பர்க் என்பவர் இவரேதானாம்! அத்தகையவரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர்பீடத்திலே ஏற்றுவதா? நாடு என்னாவது? படை என்னாவது? பகைவன் நகைக்கமாட்டானா? இப்படிக் கேள்விகள் பறந்தன. கேட்டவர்கள் நாட்டுப்பற்றின் குத்தகைதாரர்கள்! குத்தகைதாரர்களுக்கு எந்த நாட்டிலும் குரல் சற்று உரத்தே இருக்கும்.

தோழனே, அந்த மாதின் வரலாற்றை நீ அறிய வேண்டும். போர்த்துறையைப் போற்றுவதற்காக அல்ல. போர் முரசு கொட்டுவது நம் வேலையுமல்ல. ஆண்களின் அசைக்கவொண்ணாக் கோட்டை என்று உலகம் முழுதும் கருதப்படுகிற அந்தத் துறையிலே, பெண் ஒருத்தி மேலே ஏறியபோது, பழமை என்னென்ன வேடம் புனைந்து வந்தது என்பதைப் பார்ப்பதற்காக. உன்னால் என்ன செய்ய முடியும் என்று அவரைக் கேட்டவர் சிலர். எங்கே பிறந்தாய், எவர் வயிற்றிலே பிறந்தாய் என்று கேட்டவர் பலர். அந்த இரண்டாவது கேள்வியின் நெடியை நீ நன்கறிவாய். நாடு மாறினால் அதன் உடை மாறும், உள்ளம் மாறுவதில்லை.

அங்கேரி நாட்டு புடாபெஸ்ட் நகரிலே, 19-ஆம் நூற்றாண்டு முடியும் வேளையில், லெடரர் என்ற யூதக் குடும்பத்திலே பிறந்தவர் அன்னா. தந்தை மரச்சாமான் செய்து விற்ற தொழிலதிபர். தொழில் நொடித்தது; குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா போயிற்று. 1912-இல் நியூயார்க் வந்து சேர்ந்தபோது அன்னா சிறுமி. அயல்மொழி, அயல்நாடு, அயல்முகங்கள்! 1919-இல் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜூலியஸ் ரோசன்பர்க் என்பவரை மணந்தார். இந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள். பின்னே ஒரு விந்தைக்கு இது தேவைப்படும்.

பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் அவரிடம் இல்லை. தொழிலாளர் கேட்பது என்ன, முதலாளி மறுப்பது ஏன், இருவருக்கும் நடுவிலே எந்த இடத்திலே உடன்பாடு ஒளிந்துகிடக்கிறது என்பதைக் கண்டறியும் கூர்மை இருந்தது. 1920-களிலேயே, தொழிலாளர் உறவு பற்றி ஆலோசனை கூறும் அலுவலகத்தைத் தாமே நடத்தத் தொடங்கினார். வேலை நிறுத்தம், கதவடைப்பு என்று இரு தரப்பும் முறுக்கிக்கொண்டு நிற்கும் இடத்திற்கு அவர் அழைக்கப்படுவார். முழக்கமிடும் தலைவனும், சுருட்டுப் பிடித்தபடி முகம் கொடுக்க மறுக்கும் முதலாளியும் ஒரே மேசையில் அமர்வர்.

ரூஸ்வெல்ட்டின் ஆட்சி வந்தது. பொருளாதாரப் பெருவீழ்ச்சியிலே நாடு நலிந்துகிடந்த காலம். தேசிய மீட்பு நிர்வாகத்தின் நியூயார்க்குப் பகுதிப் பணி அவருக்கு வந்தது. பிறகு, முதியோருக்கும் வேலையற்றோருக்கும் காப்பளிக்கும் சமூகக் காப்புத் திட்டத்தின் நியூயார்க்குப் பகுதி இயக்குநர் பொறுப்பு. இரண்டாம் உலகப் போர் மூண்டதும், போர்க்கால ஆள்வள ஆணையத்தின் நியூயார்க்குப் பகுதி இயக்குநர் பொறுப்பு. பஃபலோ நகரத்து ஆலைகள் விமானமும் எஃகும் செய்து குவிக்க ஆளின்றித் தவித்தன. எந்த ஆலைக்கு எத்தனை ஆள் முதலில் தேவை, எந்த ஆலை காத்திருக்கலாம் என்று வரிசை வகுத்து ஆட்களைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் ஒன்று அங்கே நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்ததிலே அன்னாவுக்குப் பெரும் பங்கு. வாளேந்துவது மட்டுமா போர்? யார் எங்கே நிற்பது என்று கணக்கிடுவதும் போர்தான். அந்தக் கணக்கிலே அவரை விஞ்சியவர் அந்நாளில் அதிகமில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1941-இல், போர்த் தளவாட ஆலைகளிலே கருப்பின மக்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. அதைக் கண்டித்து, வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று முழங்கினார் தொழிலாளர் தலைவர் ஃபிலிப் ரேண்டால்ஃப். வெள்ளை மாளிகை வெலவெலத்தது. ரேண்டால்ஃபுடன் பேச ரூஸ்வெல்ட்டின் சார்பிலே அமர்ந்தவர்களுள் அன்னாவும் ஒருவர். ஜூன் 25-ஆம் நாள், தளவாடத் தொழில்களிலே நிறம் பார்த்து வேலை மறுக்கலாகாது என்ற 8802-ஆம் எண் ஆணை பிறந்தது. கருணையால் பிறந்த ஆணையல்ல, பேரணி வரும் என்ற அச்சத்தால் பிறந்த ஆணை. அதை அன்னா உடனிருந்து பார்த்தார். மேலிடம் எப்போது இறங்கிவரும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றிருக்கக்கூடும்.

1944-இல் குடியரசுத் தலைவரின் தனித்தூதராக ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்றார். தளபதிகளின் கூடாரத்திலே விருந்துண்டு திரும்புவதற்காக அல்ல. போர் முடிந்தபின் உனக்கு என்ன வேண்டும் என்று போர்வீரனைக் கேட்பதற்காக. படிக்க வேண்டும், தொழில் கற்க வேண்டும் என்ற ஏக்கமே பலரிடமிருந்து வெளிப்பட்டது. பதக்கம் வேண்டும் என்பவனைவிடப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பவன் அதிகம்! அதை அப்படியே வந்து கூறினார் அன்னா. 1945-இல் மெடல் ஆஃப் ஃப்ரீடம் என்ற விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் 1950 வந்தது.

அவ்வாண்டு ஜூன் 25-இல் கொரியப் போர் மூண்டது. செப்டம்பரில் ஜார்ஜ் மார்ஷல் பாதுகாப்புத் துறைச் செயலாளரானார். அந்நாட்டிலே செயலாளர் என்றால் நம் நாட்டிலே அமைச்சர் என்று கொள்க. இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கப் படை முழுவதையும் கட்டியமைத்த கிழத் தளபதி அவர். புகழுரையில் நாட்டமில்லாதவர், சிரிப்பதற்கும் கணக்குப் பார்ப்பவர் என்று சொல்வார்கள். அந்த மார்ஷல், ஆள்வளம் படைத்துறையின் உயிர்நாடி, அதை ஆள அன்னா ரோசன்பர்க்கே வேண்டும் என்று தேர்ந்தார். பதவி, பாதுகாப்புத் துறையின் உதவிச் செயலாளர். அதுவரை அத்துறையிலே எந்தப் பெண்ணும் ஏறியிராத படி.

நவம்பரில் அறிவிப்பு வந்தது. படைத்துறைக் குழு முதலில் ஒருமனதாக ஒப்புக்கொண்டது. பிறகு மூண்டது தீ!

யார் மூட்டினர்? ஜெரால்டு ஸ்மித் என்று ஒரு பாதிரி. யூதரை வெறுப்பதையே சமயமாக்கிக்கொண்டவர். அவருடைய ஆட்கள் வாஷிங்டனிலே சுற்றிச் சுழன்றனர். பெஞ்சமின் ஃப்ரீட்மன் என்பவர் சான்று தேடித் தந்தார். மிசிசிப்பி மாநிலத்து ஜான் ராங்கின், கருப்பினத்தாரையும் யூதரையும் சபையிலேயே இழித்துப் பேசி வந்தவர். அவரும் எழுந்து அன்னாவை எதிர்த்து முழங்கினார். செனட்டர் மெக்கார்த்தியின் ஊழியர்கள் சான்றைக் கைப்பற்ற நியூயார்க்குக்கு ஓடினர். இத்தனை பேரும் சேர்ந்து கொண்டுவந்து நிறுத்தியவன்தான் ரால்ஃப் டி சோலா; முன்பு பொதுவுடைமைக் கட்சியிலே இருந்து வெளியேறியவன். சுட்டிய விரலுக்குச் சொந்தக்காரன்!

இவர்களின் அடுக்கைப் பார். அவர் அயல்நாட்டிலே பிறந்தவர், ஒன்று. யூதர்; இரண்டு. பெண், மூன்று. மூன்றும் அவர் செய்தவையல்ல, அவருக்கு நேர்ந்தவை. பஃபலோவிலே அவர் வகுத்த வரிசை தவறு என்று ஒருவனாவது சொன்னானா? போர்வீரனைப் பற்றி அவர் தந்த அறிக்கை பொய் என்று எவனாவது காட்டினானா? இல்லை. செயலைத் தொட வழியில்லாதவன் பிறப்பைத் தொடுவான். பிறப்பைச் சொல்லி எதிர்ப்பது நாகரிகமல்ல என்று உணரும் அளவுக்கு 1950-இல் அமெரிக்கா வளர்ந்திருந்தது. ஆகவே பிறப்பின்மீது பொதுவுடைமை என்ற போர்வையைப் போர்த்தினர். போர்வைக்குள்ளே இருந்தது பழைய பிணமே.

முன்னே நினைவில் வைக்கச் சொன்னேனே ஒரு பெயர். அதே 1950-ஆம் ஆண்டு ஜூலையில், அணுகுண்டு மறையை ருஷ்யாவுக்குத் தந்தான் என்று நியூயார்க்கிலே பொறியாளன் ஒருவன் கைது செய்யப்பட்டான். அவன் பெயரும் ஜூலியஸ் ரோசன்பர்க்! அன்னாவின் கணவர் வேறு, அந்த மனிதன் வேறு, உறவுமில்லை, ஒட்டுமில்லை. ஆயினும் அந்தப் பெயர் நாளேடுகளிலே நாள்தோறும் கரிய எழுத்திலே மின்னிய வேளையில், ரோசன்பர்க் என்ற சொல் கேட்ட மாத்திரத்திலே ஊர் எப்படித் திரும்பிப் பார்த்திருக்கும் என்பதை எண்ணிப் பார். பெயரைக் கொண்டே ஆளை அளக்கும் மடமை எத்தகைய கொடுவாள் என்பது அப்போது தெரியும்.

நல்லெண்ணம் படைத்த ஏடுகளும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்தன. அவருடைய தொப்பியை வருணித்தன. அவர் கைவளையல்களின் ஓசையை வருணித்தன. மார்ஷலின் கழுத்துப்பட்டையை எவரேனும் வருணித்தாரா? முப்பத்தைந்து இலட்சம் பேரைக் கொண்ட படைக்கு ஆள் திரட்டப்போகும் ஒருவரின் கையிலே, கணக்கேடு கண்ணில் படவில்லை, வளையல் பட்டது!

இனி நடந்ததைக் கேள். பகுத்தறிவாளன் மகிழத்தக்க பகுதி இதுவே.

குழு விசாரணையை மீண்டும் திறந்தது. டி சோலா சொன்னதைச் சொன்னபடி ஏற்கவில்லை. அவர் பெரிய இடத்துப் பெண் என்று தள்ளிவிடவும் இல்லை. எந்த ஆண்டு? எந்த இடம்? உடன் இருந்தவர் யார்? கேள்விமேல் கேள்வி. அன்னா நேருக்கு நேர் நின்று மறுத்தார். இவன் சொல்வது பொய் என்றார். டி சோலா தனக்குத் துணையென்று கூறிய ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்டனர். அவர்கள் அவனுக்குத் துணைவரவில்லை. துப்பறியும் துறை நாடெங்கும் தேடியது. அன்னா ரோசன்பர்க் என்ற பெயரிலே நியூயார்க்கிலே பெண்கள் பலர் இருந்தனர். அப்பெயர் கொண்டு ஜான் ரீட் கழகத்திலே தொடர்பு வைத்திருந்த பெண் வேறொருத்தி. அவள் அப்போது கலிபோர்னியாவிலே இருந்தாள். புலப்பட்டது உண்மை. டிசம்பரிலே குழு மீண்டும் ஒருமனதாக அன்னாவை ஏற்றது; செனட் சபையும் உறுதி செய்தது. சான்றைத் தேடி ஓடிய மெக்கார்த்தியின் கூடாரமும் அடங்கிற்று.

சுட்டிய விரல், ஆணையிட்ட வாய், கண்ணால் கண்டேன் என்ற உறுதி. மூன்றும் சேர்ந்தும் மெய்யாகவில்லை. கண்ணால் கண்டதாகச் சொல்பவனையும் கேள்வி கேள் என்பதன்றோ நாம் கூறிவருவது? ஆயினும் ஒரு குறை. பழி சுமத்தப்பட்ட அன்னா, தாம் அந்த அன்னா அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நாடறிந்தவர் என்பதால் அவருக்கு அந்த விசாரணை கிடைத்தது. அதே ஆண்டுகளிலே, அதே வகைப் பழியால் வேலையிழந்த ஆசிரியனுக்கும் எழுத்தனுக்கும் எந்தக் குழு கூடிற்று?

பதவியேற்ற அன்னா என்ன செய்தார்? 1950 ஜூனில் அமெரிக்க முப்படைகளிலே இருந்தவர் சுமார் 14 இலட்சத்து 60 ஆயிரம் பேர். 1952-இல் அது 36 இலட்சத்தைத் தாண்டிற்று. இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கு மேல்! ஆலையிலிருந்து எவனை எடுப்பது, கல்லூரியிலிருந்து எவனை விடுவது, உழவனை என்ன செய்வது என்ற சிக்கல்கள் எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. 1951 ஜூன் 19-இல் நிறைவேறிய கட்டாயப் படைப்பணிச் சட்டத்துக்காக மார்ஷலும் அவரும் காங்கிரசின் முன்னே வாதாடினர். சேர்க்கும் வயது பதினெட்டரையாகக் குறைந்தது. பணிக்காலம் 24 மாதமாக நீண்டது. இளைஞன் ஒவ்வொருவனும் பயிற்சி பெறவேண்டும் என்ற அவர்களின் பெருந்திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. 1952-இல் காங்கிரசு அதைக் கைவிட்டது. கைவிட்டது நன்றே என்பது என் கருத்து. பெண் ஒருத்தி கொண்டுவந்த திட்டம் என்பதற்காக எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. திட்டத்தைத் திட்டமாகவே பார்ப்பதுதான் அவருக்குத் தரும் மரியாதை.

நிறவேற்றுமை ஒழிப்பிலே அவர் கை தாழவில்லை. படையிலே நிறம் பார்க்கலாகாது என்று ட்ரூமன் ஆணையிட்டது 1948-இல். ஆணை தாளிலே இருந்தது. தரைப்படையோ தன் வழியிலே இருந்தது. வெள்ளையருக்கு ஒரு முகாம், கருப்பினத்தாருக்கு ஒரு முகாம். கொரியாவிலே குண்டு விழுந்தபோதுதான் உண்மை உறைத்தது: குண்டு நிறம் பார்க்கவில்லை! செத்த வெள்ளையனின் இடத்தை நிரப்ப ஆளில்லை. கருப்பினத்தான் ஆயிரக்கணக்கில் தனி முகாமிலே காத்துக்கிடந்தான். 1951-இல் தூரகிழக்குப் படையிலே கலப்பு தொடங்கிற்று. முழுதும் கருப்பினப் படைப்பிரிவாக இருந்த 24-ஆம் காலாட்படை அவ்வாண்டு அக்டோபரில் கலைக்கப்பட்டது. இது அன்னா ஒருவரால் நடந்தது என்பது மிகை. ஆள்வளப் பீடத்திலே இருந்தவர் இதைத் தடுக்கும் ஆளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு இழுத்தடித்திருப்பார்கள் என்பதே கேள்வி. தடுக்காததோடு அவர் நிற்கவில்லை, தள்ளவும் செய்தார்.

பெண்களின் பக்கம் வருவோம். இங்கேதான் என் நெஞ்சு பொருமுகிறது.

1948-இல் ஒரு சட்டம் பெண்களுக்குப் படையிலே நிலையான இடம் தந்தது. தந்த கையே அளவுகோலையும் நீட்டிற்று. மொத்தத்திலே நூற்றுக்கு 2 பேருக்குமேல் பெண்கள் கூடாது. பெண் தளபதி என்ற பேச்சே கிடையாது. கர்னல் என்ற நிலையும் படைக்கு ஒருத்திக்கு மட்டும், அதுவும் தற்காலிகமாக. நூற்றுக்கு இரண்டு! எந்த ஆராய்ச்சியிலே கண்டறிந்தனர் இந்த இரண்டை? மூன்றாவது பெண் வந்தால் பீரங்கி வெடிக்க மறுக்குமா?

1951-இல் மார்ஷலும் அன்னாவும் புகழ்பெற்ற 50 பெண்மணிகளை அழைத்து, படைப் பணியிலுள்ள பெண்களுக்கான பாதுகாப்புத் துறை ஆலோசனைக் குழுவை அமைத்தனர். படைப் பெண்களின் எண்ணிக்கையை 1952-க்குள் 1 இலட்சத்து 12 ஆயிரமாக உயர்த்துவது என்று இலக்கு வைத்தனர். எட்டவில்லை, அருகிலும் போகவில்லை. ஏன் வரவில்லை பெண்கள் என்று ஏங்கினர். ஏன் வருவாள்? அதே 1951 ஏப்ரலிலே ட்ரூமன் கையொப்பமிட்ட 10240-ஆம் எண் ஆணையைப் படித்தால் தெரியும். கருவுற்ற பெண்ணைப் படையிலிருந்து நீக்கலாம். பிள்ளை பெற்றவளை நீக்கலாம். பிறர் பெற்ற பிள்ளையை வளர்ப்பவளையும், கணவனின் முதல்தாரத்துப் பிள்ளைக்குச் சிற்றன்னையானவளையும்கூட நீக்கலாம்! ஆணுக்கு? பத்துப் பிள்ளை பெற்றவனும் படையிலே இருக்கலாம். அது அவன் வீரத்துக்குக் கூடுதல் சான்று.

இதிலுள்ள கேலிக்கூத்தை உற்றுப் பார், தோழனே. அன்னா ஒரு மகனைப் பெற்றவர். மகன் சிறுவனாக இருந்த காலத்திலும் அவர் பெரும் பொறுப்புகளை வகித்தார். எதுவும் இடிந்து விழவில்லை. அத்தகைய தாய், முப்பத்தாறு இலட்சம் பேரின் ஆள்வளத்தை ஆளலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளையுள்ள தாய் அந்தப் படையிலே ஒரு தட்டச்சுப் பணிக்கும் நிலைத்திருக்க முடியாது! கோபுரத்திலே ஏறலாம், வாயிற்படியிலே நிற்கக்கூடாது. இந்த ஆணை அவர் துறையையே தொட்டது. அவர் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. ஏற்றமுற்றவரின் பெருமையைப் பேசும்போது இதை மறைப்பது நேர்மையல்ல.

இங்கேதான் எதிரி வருவான். பார்த்தீரா, திறமையிருந்தால் பெண்ணும் உயர்கிறாள், அன்னா உயரவில்லையா, ஏன் கூச்சல் என்பான். இந்த வாதத்துக்கு நாகரிகமான முகம் உண்டு. ஆகவே இதுதான் ஆபத்தானது. ஒருத்தியை மேலே ஏற்றிக் காட்டி, கீழே கதவை அடைப்பது பழமையின் கைதேர்ந்த வித்தை. ஒருத்திக்குத் தரும் இருக்கை, ஆயிரம் பேருக்கு மறுக்கும் சட்டத்துக்குச் சாட்சிப் பத்திரமாகிறது. அன்னா அரியவர், அவரைப்போல் எல்லாரும் ஆக முடியுமா என்பார்கள். ஆண்களிலே எல்லாரும் மார்ஷலா? மார்ஷலாக முடியாத ஆயிரம் சராசரி ஆண்களுக்குப் பதவி தந்த துறை, பெண்ணிடம் மட்டும் அரியவளாக வா என்கிறது. சராசரி ஆண் அமரும் இடத்திலே சராசரிப் பெண்ணும் அமரும் நாளில்தான் கதவு திறந்ததென்று பொருள்.

கதவு எவ்வாறு அடைபட்டது என்பதற்கு ஆண்டுகளே சாட்சி. 1953 ஜனவரியிலே ட்ரூமன் ஆட்சி முடிந்தது; அன்னாவும் வெளியேறினார். நூற்றுக்கு இரண்டு என்ற வரம்பு 1967 வரை வாழ்ந்தது. முதல் பெண் ஜெனரல்கள் வந்தது 1970-இல். முப்படைகளுள் ஒன்றுக்குப் பெண் செயலாளராக வந்தது 1993-இல்தான். விமானப்படைக்கு ஷீலா விட்னல், விமானப் பொறியியல் பேராசிரியை. அன்னா பதவியேற்று 43 ஆண்டு கழித்து! தரைப்படைக்குக் கிறிஸ்டின் வோர்மத் வந்ததும், பாதுகாப்புத் துறையின் இரண்டாம் நாற்காலியான துணைச் செயலாளர் பதவிக்குக் கேத்லீன் ஹிக்ஸ் வந்ததும் 2021-இல். இருவரும் 2025 ஜனவரியில் ஆட்சி மாற்றத்தோடு விலகினர். முதல் நாற்காலியிலே, மார்ஷல் அமர்ந்த நாற்காலியிலே, 2025 முடியும்வரை ஒரு பெண்ணும் அமரவில்லை. 75 ஆண்டு போதவில்லையாம் தகுதி முதிர்வதற்கு.

அன்னா 1983 மே திங்களில் நியூயார்க்கிலே மறைந்தார். அவர் அமைத்த ஆலோசனைக் குழு அவருக்குப் பின்னும் வேலை செய்தது. பகட்டான வேலையல்ல. பெண்ணுக்குப் பொருந்தாத கவச உடை, கருவுற்ற வீராங்கனையின் பணிநிலை, குடியிருப்பு, மருத்துவம், மூடிக்கிடந்த போர்ப்பிரிவுகள் என்று முகாம் முகாமாகச் சென்று கேட்டு எழுதிய வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரிந்துரைகள். அவற்றுள் பெரும்பகுதியைத் துறையே ஏற்றுக்கொண்டது. குடியரசுக் கட்சி ஆண்ட காலத்திலும் அது இருந்தது, ஜனநாயகக் கட்சி ஆண்ட காலத்திலும் இருந்தது. 2015-இல் எல்லாப் போர்ப்பிரிவுகளும் பெண்களுக்குத் திறக்கப்பட்டதற்குப் பின்னே அந்தக் குழுவின் நீண்ட நச்சரிப்பும் உண்டு. நச்சரிப்பு என்று நான் பாராட்டாகவே சொல்கிறேன்.

2025 செப்டம்பரில் பாதுகாப்புத் துறைச் செயலாளர் பீட் ஹெக்செத் அதைக் கலைத்தார். 74 ஆண்டு வாழ்ந்த குழு! அது பிளவு உண்டாக்கும் பெண்ணியத்தை வளர்க்கிறது, படையின் போர்த்திறனைக் கெடுக்கிறது என்றது துறையின் அறிவிப்பு. எந்தப் பரிந்துரையால் பிளவு? பொருந்தும் கவசம் கேட்ட பரிந்துரையாலா? எந்தப் படைப்பிரிவிலே, எந்த ஆண்டிலே, எந்தப் போரிலே திறன் குறைந்தது? டி சோலாவை இருத்தி 1950-இலே கேட்டார்களே, எந்த ஆண்டு, எந்த இடம், உடன் இருந்தவர் யார் என்று. அந்தக் கேள்விகளுக்கு விடை அந்த அறிவிப்பிலே இல்லை.